முத்துப் போட்ட படம்

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலையாக இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். காரிய வீட்டுக்குப் போகிறவன் இப்படி ஆரம்பிக்கலாமா என்று கேட்காதீர்கள். விமானத்தில் கொடுத்தது வாயில் வைக்க விளங்கவில்லை. சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் என் தோளைத் தலையணையாக்கித் தூங்கிக்கொண்டே வந்தார். பசி காதை அடைத்தது. போகிற வீட்டில் அடுப்பு எரியுமா என்பதும் தெரியாது.

"கொத்சு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்? வெளிநாட்டுலேருந்தா?" என்றார் பரிமாறியவர். பையில் ஒட்டியிருந்த விமான நிலையச் சீட்டைப் பார்த்துவிட்டார்.

"கிள்ளான். மலேசியா" என்றேன்.

"கல்யாணமா?"

போன தடவை இதே கடையில் இதே கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு கொத்சைப் பிசைந்தேன்.

இது 2010ஆம் வருஷம் நடந்தது. கிள்ளானில் எனக்கு ஒரு போட்டோ கடை இருக்கிறது. அப்பா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பம். பெரியப்பா கீரப்பாளையத்திலேயே இருந்துவிட்டார். அவருடைய மகள் தனம் அக்கா. மச்சான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அக்கா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஒரே பெண் வளர்மதியைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்தாள். அந்த வளர்மதியின் கல்யாணத்துக்குத்தான் முதல் தடவை வந்தேன். மாமன் சீராக ஒரு சங்கிலியும், கழுத்தில் கேமராவும். இப்போது வந்திருப்பது அவளுடைய கருமாதிக்கு.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தபோது அவளுக்கு அம்மை போட்டது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, மருந்தில்லாமல் வைத்திருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சின்னம்மைக்குச் சாகும் வயதா அது?

சாவுச் செய்தி வந்து சில நாள் கழித்து அக்கா கிள்ளானுக்கு மறுபடியும் போன் செய்தாள். அழவில்லை. "தம்பி, நீ புடிச்ச படத்துல எம் பொண்ணு மூஞ்சி பூரா முத்து இருக்காமே. நெசமா?" என்றாள்.

கேட்டதும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. மாமியார் வீட்டில் படத்திறப்புக்காக வளர்மதியின் முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்று நான் எடுத்து சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த படம். அதில் முகம் முழுக்க அம்மை முத்து மாதிரிப் புள்ளி. அதைப் பார்த்த மாமியார், "கல்யாணத்தன்னிக்கே அம்மை இருந்துருக்கு. தாய்க்காரி மஞ்சளப் பூசி மறைச்சி எங்க தலையில கட்டிட்டா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாளாம். அம்மையை மறைத்தவள் காரியத்துக்கு வாசல் மிதிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

கீரப்பாளையத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. கிள்ளானில் கரண்ட் போனால் பத்திரிகையில் எழுதுவார்கள். இங்கே கரண்ட் வந்தால்தான் ஆச்சரியம். அக்கா முருங்கைக்கீரைச் சாறும் சோறும் வைத்திருந்தாள். என் இலையில் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்தாள். "மொதல்ல சாப்புடு. அப்புறம் காட்டு" என்றாள்.

கைகழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி பாதிதான் இருந்தது. படம் வந்தது. மண்டபத்து மேடையில் நான்கு பேர்: வளர்மதி, மாப்பிள்ளை சிவக்குமார், அவனுடைய அப்பா கலியபெருமாள், அம்மா ராஜகுமாரி. அன்றைக்கும் கரண்ட் போய், ஜெனரேட்டரில் இரண்டு டியூப்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. வளர்மதிக்கு ஃப்ளாஷ் ஆகாது. பளிச்சென்று அடித்தால் போதும், கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அன்று காலையிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மூடிய கண்தான். "மாமா, அந்த லைட்ட நிறுத்துங்களேன், ஒரு படத்துலயாவது முழிச்சிகிட்டு நிக்கிறேன்" என்று சிரித்தாள். ஃப்ளாஷை நிறுத்தினேன். ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன். கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தபடி அவள் இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

இந்த ஐ.எஸ்.ஓ. விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் குறையும்போது கேமரா நன்றாக வாங்கிக்கொள்ளட்டும் என்று ஏற்றிவைக்கிற எண் அது. வெயிலில் நூறு போதும். இருட்டில் ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டும். தூரத்து ரேடியோ ஸ்டேஷனுக்குச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுகிறதே, அதே கதைதான். படத்தில் அந்த இரைச்சல் புள்ளியாக விழும். சிவப்பும் சாம்பலுமாக, நிழல் விழுந்த இடத்தில் ஜாஸ்தியாக. சின்னப் பிரிண்டில் கண்ணுக்குப் படாது. பெரிதாக்கினால் முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அக்கா திரைக்கு வெகு அருகே வந்து பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு விடியல்ல நான்தான் மஞ்சப் பூசி தண்ணி ஊத்துனேன். ஒரு முத்து இருந்திருந்தா எங் கைக்குத் தெரியாதா?" என்றாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியாம இருந்திருக்குமோ தம்பி?" என்றாள்.

"அக்கா, இது மிஷின் போட்ட புள்ளி."

"நீ சொன்னா சரிதான். அவுங்களுக்கு யாரு சொல்றது? ஊருக்கு யாரு சொல்றது?"

பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. அதன் பிறகும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட அன்றே, ஒரு கட்டு வேப்பிலையும் இளநீரும் எடுத்துக்கொண்டு கடலூருக்கு ஓடியிருக்கிறாள். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் வரக் கூடாது என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "அரிக்குமே, நான் நீவி விடறேனேன்னு கெஞ்சுனேன். நீவறதுக்கு நாங்க இருக்கோம்னு வேப்பிலைய மட்டும் வாங்கிகிட்டு கேட்ட சாத்துனாங்க" என்றாள். அடுத்த தடவை கூப்பிட்டு அனுப்பியது சாவுக்குத்தான்; மஞ்சள் துணியால் முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்களாம். ஆத்தா எடுத்துக்கொண்டவளின் முகத்தைத் திறக்கக் கூடாது, சத்தம் போட்டு அழவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அழாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அந்த வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் கடலூருக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் டமால் என்று டயர் வெடித்தது. பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "எறங்குங்க, எறங்குங்க, ஸ்டெப்னி மாத்தணும்" என்று கண்டக்டர் சாவகாசமாகச் சொன்னார். கிள்ளானாக இருந்தால் அந்நேரம் நாலு பேர் சட்டம் பேசியிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் குடும்பக் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்திருந்தார். இன்னொரு அம்மாளிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"கீரப்பாளையத்துப் பொண்ணாம். அம்மை போட்டதை மறைச்சி தாலி கட்ட வெச்சிட்டாளாம் அந்த அம்மாக்காரி. போட்டோல அப்படியே வந்துருச்சாம். ஆத்தா சும்மா வுடுவாளா?"

"அடிப்பாவி. பெத்தவளா அவ?"

நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். "அந்தப் படத்தப் புடிச்சவன் நான்தாம்மா. அந்தப் பொண்ணுக்கு மாமன்" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. "அது அம்மை இல்ல. நீங்க பாத்தீங்களா? பாக்காத ஒண்ண ஏம்மா ஊர் ஊரா தூக்கிட்டுப் போறீங்க?"

"நாங்க என்னாத்த கண்டோம், காதுல விழுந்தத சொன்னோம்" என்று முனகினார் கூடைக்கார அம்மாள். பஸ் கிளம்பும் முன் இரண்டு பிஞ்சை எடுத்து என் கையில் திணித்தார். கோபத்தில் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாங்கிக்கொண்டேன். கடலூர் வரை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் படம் பிரிண்ட் போட்ட லேபைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சொந்தக்காரர் பிரிட்டோ, வாய் ஓயாதவர். நான் தொழில்காரன் என்று தெரிந்ததும் டீ வரவழைத்தார், கல்யாண ஆல்பத்துக்காகப் போட்டுவைத்திருந்த பிரிண்டுகளை எடுத்துக் காட்டினார். பார்த்தவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் எடுத்த இருட்டுப் படங்களில் எல்லோரும் வெண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருந்தார்கள். கலியபெருமாளுக்கு மீசையில் முடி இல்லை, தீட்டிய கோடு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை நான்கு படி வெளுத்திருந்தான்.

"புள்ளியெல்லாம் எடுத்து க்ளீன் பண்ணிடுவேன் சார். புள்ளியோட குடுத்தா கஸ்டமரு அடிக்க வருவான்" என்றார் பிரிட்டோ.

"அப்ப அந்தப் பொண்ணோட படத்த மட்டும் ஏன் அப்படியே போட்டீங்க?"

பிரிட்டோ டீ கிளாஸைக் கீழே வைத்தார். "செத்தவங்க மூஞ்சில மட்டும் மவுஸ் வெக்க மாட்டேன் சார். ஒருதபா ஒரு பெரியவரு நெத்தியில இருந்த தழும்ப எடுத்துட்டேன். அவரு பொண்ணு வந்து, எங்கப்பா தழும்ப குடுன்னு உக்காந்து அழுவுது. அன்னியோட வுட்டேன். இருக்கற மூஞ்சிய இருக்கற மாதிரியேதான் போடுவேன். அது மரியாதை இல்லியா?"

அவர் மரியாதை செய்தது அக்காவின் தலையில் விடிந்திருக்கிறது. இந்தக் கடைப் படங்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் வழவழ, செத்தவள் மட்டும் புள்ளி. பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவரும் மனசறிந்து கெடுதல் ஒன்றும் செய்யவில்லை.

"ஒரு வேலை செய்யுங்க. இந்த நாலு பேர் படத்துலேருந்து பொண்ணு மூஞ்சி ஒண்ணு, மாமியார் மூஞ்சி ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு. எதுலயும் கை வெக்கக் கூடாது" என்றேன்.

"ஐயோ, உசுரோட இருக்கறவங்கள புள்ளியோடவா?" என்று அவர் பதறினார். அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் அனுப்பி, பிரிண்ட் கைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். சங்கரா மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். எனக்கு ருசி தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சக்குப்பம் வீடு. கேட்டில் வேப்பிலைக் கொத்து காய்ந்து தொங்கியது. அக்காவை நிறுத்தி வைத்த கேட் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கலியபெருமாள் எழுந்து, "வாங்க சம்பந்தி" என்று நாற்காலி போட்டார். ராஜகுமாரி அம்மாள் வா என்று சொல்லவில்லை. கூடத்து மூலையில் பெரிய பிரேம் ஒன்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. முதலில் ராஜகுமாரி அம்மாளின் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது யாருன்னு பாருங்க."

குனிந்து பார்த்தார். "நான்தான்... என்னாது இது? எம் மூஞ்சில என்னா இது?" முந்தானையால் படத்தைத் துடைத்தார். போகவில்லை. அதே முந்தானையால் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "தாயே மாரியாத்தா! எனக்கும் வரணும்னு செஞ்சி எடுத்துகினு வந்தியா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. உங்க மருமவ பக்கத்துல நின்னீங்களே, அதே படம். அன்னிக்கு உங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சா?"

"எனக்கு எதுக்குப் போடுது?"

"அப்ப அவளுக்கும் போடல."

வளர்மதியின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முகத்திலும் ஒரே புள்ளி, ஒரே அளவு. கலியபெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளறை வாசலில் சிவக்குமார் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தாடி மண்டியிருந்தது.

"அவளுக்கு அஞ்சாம் நாள்தாம்மா போட்டுச்சு" என்றான். "நான்தான் மொதல்ல பாத்தேன். கழுத்துல ஒண்ணே ஒண்ணு. ஒங்கிட்ட வந்து சொன்னேனே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் வாயத் தொறக்கலியே மாப்ள? அங்க ஒருத்தி பொண்ணையும் குடுத்துட்டு பழியையும் சுமந்துகிட்டு உக்காந்திருக்காளே" என்று கத்திவிட்டேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இருபத்தைந்து வயதுப் பையன். கொஞ்ச நேரத்தில் அவனையும் திட்ட முடியாமல் போயிற்று.

"நாளைக்கி தங்கச்சிய இட்டுகினு வாங்க சம்பந்தி. பெத்தவ இல்லாம என்னா காரியம்" என்றார் கலியபெருமாள்.

ராஜகுமாரி அம்மாள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தன் படத்தை மட்டும் எடுத்து நான்காகக் கிழித்தார். "வரட்டும். நான் வேணாம்னு சொல்லல" என்றார். "ஆனா இந்தப் புள்ளிப் படத்த சபையில வெக்கக் கூடாது. பாக்கறவங்க திரும்பவும் அதத்தான் பேசுவாங்க. மழமழன்னு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. வளர்மதியின் படத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரிட்டோவிடம் திரும்பப் போனேன். "வேணாம் சார், செத்தவங்க மூஞ்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவுக்காக என்று கெஞ்சி உட்கார வைத்தேன். புள்ளி போயிற்று. கூடவே மூக்கோரத்து மச்சம் போயிற்று, சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே விழுகிற சுருக்கம் போயிற்று. நிறமும் கொஞ்சம் ஏறிவிட்டது.

நான்காம் நாள் கருமாதி. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட் அருகே வந்ததும் அவள் கால் தானாக நின்றுவிட்டது. கலியபெருமாள் வெளியே வந்து, "உள்ள வாம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் நகர்ந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பேசிய வாய்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. நான் எதற்கு வந்தேனோ அது நடந்துவிட்டது என்று மூச்சு விட்டேன்.

படத்தின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்கள். "என்னா லட்சணம், மகாலட்சுமியாட்டம்" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அக்கா பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அறிமுகமில்லாத ஒருவரின் படத்தைப் பார்ப்பவள் போல நின்றாள். பூப்போடச் சொன்னார்கள், போட்டாள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கிளம்பும்போது கேட்டருகே இருந்த வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படம் எங்க தம்பி?"

"எந்தப் படம்?"

"முத்துப் போட்ட படம்."

"அது எதுக்குக்கா? அதாலதான இவ்வளவு பழி. நான் இன்னும் நல்லதா ஒண்ணு..."

"குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கோரத்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடைசில எப்படி இருந்தான்னு என்கிட்ட ஒருத்தரும் காட்டல தம்பி. துணியக்கூட வெலக்கல" என்றாள். "இப்படித்தான இருந்திருப்பா எம் புள்ள?"

அது மிஷின் போட்ட புள்ளி என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

மடியிலிருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, கன்னம், மோவாய், கழுத்து என்று படத்தின் மேல் மெதுவாக நீவ ஆரம்பித்தாள். "அரிக்குதாடி? இதோ, இதோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். டயர் வெடித்த இடத்துப் புளியமரம் வந்தது, போனது. சிதம்பரம் வந்து எல்லோரும் இறங்கும் வரை அவள் கை நிற்கவில்லை.